இயேசு கடவுளா, மனிதரா? வேலூர் வேதபாடக் கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை சாயந்திரம் ஒரு சின்ன வேதபாடக் கூட்டம் நடக்கிறது. நர்சிங் படிக்கிற பிள்ளைகள், ராணிப்பேட்டை தோல் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள், கொசப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு பாட்டி, அப்புறம் வைத்தியத்துக்காக வெளியூரிலிருந்து வந்து லாட்ஜில் தங்கியிருக்கிற யாராவது. ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் என் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள். ஆயர் அல்ல, இறையியல் பட்டம் வாங்கினவளும் அல்ல. இருபது வருஷத்துக்கு மேல் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்திருக்கிறேன். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே எடுக்கிறேன், இங்கே நிறையப் பேருக்கு மனப்பாடமாக இருப்பது அதுதான். கத்தோலிக்க நண்பர்கள் "இயல்பு" என்று சொல்வதை நாங்கள் "தன்மை" அல்லது "சுபாவம்" என்போம். சொல்தான் வேறு, பொருள் ஒன்று.

திருச்சபை என்னதான் போதிக்கிறது, சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இயேசு கிறிஸ்து ஒருவர். அவர் முழுக்கக் கடவுள், முழுக்க மனிதர். ஆரம்பமே இல்லாமல் பிதாவோடு இருந்த குமாரன், கடவுளாக இருப்பதை விட்டுவிடாமலே மரியாளின் வயிற்றில் மனிதரானார். அவ்வளவுதான்.

அப்படியென்றால் பாதி கடவுள், பாதி மனிதரா?

இல்லை. எங்கள் கூட்டத்தில் அதிகம் வருகிற எண்ணம் இது, நல்ல விசுவாசிகளிடமிருந்தே வருகிறது. பாலும் டிகாஷனும் கலந்தால் காபி ஆகிறது. அதற்கப்புறம் அது பாலும் இல்லை, டிகாஷனும் இல்லை, மூன்றாவதாக ஏதோ ஒன்று. அப்படிக் கலந்து உண்டான ஒருவர் நமக்குக் கடவுளாகவும் இருக்க முடியாது, கூடப்பிறந்தவராகவும் இருக்க முடியாது.

இதைத் தமிழில் விளக்க "யார்", "என்ன" என்ற இரண்டு சின்னச் சொற்கள் போதும். ஒருவரைக் காட்டி "இது யார்?" என்று கேட்டால் பெயர் சொல்வோம். "இது என்ன?" என்று கேட்டால் மனிதன், மாடு, மரம் என்று சொல்வோம். நம் எல்லோருக்கும் ஒரு யார், ஒரு என்ன. இயேசுவிடம் "யார்?" என்று கேட்டால் வருவது ஒரே பதில்: தேவனுடைய குமாரன். "என்ன?" என்று கேட்டால் இரண்டு பதில் வருகிறது, இரண்டுமே முழுப் பதில்: கடவுள், மனிதர். ஆதித் திருச்சபையின் ஆசிரியர்கள் "ஆள்" என்றும் "தன்மை" என்றும் பிரித்து எழுதினது இந்த வித்தியாசத்தைத்தான். கடவுள் என்று ஒரு ஆளும் இயேசு என்று இன்னொரு ஆளும் ஒரே உடம்பில் சேர்ந்து குடியிருந்ததாக அவர்கள் சொல்லவில்லை. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வருகிற பாதிக் கேள்விகள் தானாக அவிழும்.

பைபிளில் "இரண்டு தன்மை" என்ற வார்த்தையே இல்லையே?

வார்த்தை இல்லை, விஷயம் இருக்கிறது. யோவான் சுவிசேஷம் குமாரனை "வார்த்தை" என்று அழைக்கிறது, "அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்று தொடங்கி, பதினாலாம் வசனத்தில் "அந்த வார்த்தை மாம்சமாகி... நமக்குள்ளே வாசம்பண்ணினார்" என்கிறது. அதே சுவிசேஷத்தில் அவர் நடந்து களைத்து சமாரியாவில் கிணற்றோரம் உட்காருகிறார், லாசருவின் கல்லறைக்கு முன்னால் அழுகிறார், "தாகமாயிருக்கிறேன்" என்கிறார். "ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்" என்று சொன்னவரும் அவரே. கடைசியில் தோமா "என் ஆண்டவரே! என் தேவனே!" என்று சொன்னபோது அவர் திருத்தவில்லை, கண்டிக்கவில்லை.

நம் ஆட்கள் ஒரு தவறு செய்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. "தேவன்" என்று நிரூபிக்கிற வசனங்களை மனப்பாடம் பண்ணிவிட்டு, "மனிதர்" என்று காட்டுகிற வசனங்களைத் தாண்டிப் போகிறோம், ஏதோ அது அவருடைய மரியாதைக்குக் குறைவு என்பதுபோல. லூக்கா 2:52 அவர் "ஞானத்திலும், வளர்த்தியிலும்" விருத்தியடைந்தார் என்கிறது. அப்படியென்றால் குழந்தை இயேசு பேசக் கற்றுக்கொண்டார், விழுந்து எழுந்து நடக்கப் பழகினார். இதைச் சொல்லும்போது சில பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கத் தேவையில்லை, லூக்கா சுளிக்கவில்லை.

அவர் மனிதர்போலத் தெரிந்தாரே தவிர, உண்மையில் கடவுளுக்கு ஏது பசியும் வலியும்?

இந்த யோசனை மிகப் பழையது. முதல் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே வந்துவிட்டது. "மாம்சத்தில் வந்த இயேசுகிறிஸ்துவை அறிக்கைபண்ணுகிற" ஆவியே தேவனால் உண்டானது என்று யோவான் தன் முதல் நிருபத்தில் கறாராக எழுதினது இப்படிப்பட்ட போதனைக்கு எதிராகத்தான்.

நம் வட ஆற்காட்டு ஆட்களுக்கு இதை விளக்கத் தெருக்கூத்து போதும். பாரதக் கூத்தில் விடிய விடியச் சண்டை நடக்கும், படுகளத்தில் துரியோதனன் விழுவான், பார்க்கிறவர்கள் அழுவார்கள். அப்புறம் வேஷம் கட்டினவர் அரிதாரத்தைக் கழுவிவிட்டு டீ குடிக்கப் போவார், கதையில் செத்தது அவர் உடம்புக்குத் தெரியாது. இயேசுவின் மனிதத்தன்மை அப்படி ஒரு வேஷமாக இருந்திருந்தால் சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் அவர் கலங்கி ஜெபித்தது நடிப்பு, சிலுவையில் நடந்ததும் நடிப்பு. "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்ற வார்த்தை பொய்யாகிவிடும். அவர் உயிர்த்தெழுந்த பிறகுகூடச் சீஷர்கள் ஆவி என்று பயந்தபோது பொரித்த மீனை வாங்கி அவர்கள் கண்ணெதிரே சாப்பிட்டுக் காட்டினார்.

கி.பி. 325-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஓட்டுப் போட்டு அவரைக் கடவுளாக்கினதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே?

வருகிறது, வருஷத்துக்கு இரண்டு தடவையாவது யாராவது எனக்கு அனுப்புகிறார்கள். நடந்தது வேறு. அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குரு, குமாரன் எல்லாவற்றுக்கும் மேலானவர்தான், ஆனால் அவரும் உண்டாக்கப்பட்டவரே, அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று போதித்தார். அதாவது ஆரியுஸ்கூட இயேசுவை வெறும் மனிதர் என்று சொல்லவில்லை. உண்டாக்கினவர் பக்கம் அவரை வைப்பதா, உண்டாக்கப்பட்டவை பக்கம் வைப்பதா என்பதுதான் சண்டை. நிசேயாவில் கூடின ஏறக்குறைய 300 ஆயர்கள் அவர் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டார்கள். ஆரியுஸோடு கடைசிவரை நின்று மறுத்த ஆயர்கள் இரண்டே பேர்.

பேரரசரின் சதி என்றால் அதற்கப்புறம் நடந்ததையும் பார்க்க வேண்டும். கான்ஸ்டன்டைனே சில வருஷத்தில் ஆரியுஸ் பக்கம் சாய்ந்தார். மரணப்படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் ஆரியுஸுக்கு வேண்டியவரான நிக்கொமேதியா ஆயர் யுசேபியுஸ். அவர் மகன் கான்ஸ்டான்டியஸ் நிசேயா ஆட்களைத் துரத்தித் துரத்தி அடித்தார். நிசேயாவின் அறிக்கைக்காக நின்ற அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 5 தடவை நாடுகடத்தப்பட்டார். அரண்மனை ஜெயித்திருந்தால் இன்றைக்கு நாம் ஆரியுஸின் விசுவாசப்பிரமாணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருப்போம்.

இன்னொன்று. நிசேயா இருந்தது பித்தினியா என்ற மாகாணத்தில். அதே மாகாணத்தில் 200 வருஷத்துக்கு முன்னால், ஏறக்குறைய 112-இல், பிளினி என்ற ரோமானிய ஆளுநர் பேரரசர் டிராஜனுக்கு எழுதின கடிதம் இருக்கிறது: இந்தக் கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று. எழுதினவர் கிறிஸ்தவரே அல்ல, கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்துக்கொண்டிருந்தவர்.

கொலோசெயர் 1:15-இல் "சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்" என்று இருக்கிறது. முதலில் படைக்கப்பட்டவர் என்றுதானே அர்த்தம்?

வீட்டுக்கு வந்து துண்டுப்பிரசுரம் கொடுப்பவர்கள் காட்டுகிற வசனம் இது. அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள், "அவருக்குள் சகலமும் சிருஷ்டிக்கப்பட்டது" என்கிறது, சகலமும் என்றால் அவரைச் சேர்க்காமல்தான். முதற்பேறு என்பது அந்த ஜனங்களுக்குப் பிறந்த வரிசை மட்டும் இல்லை, வாரிசு உரிமை. சங்கீதம் 89:27-இல் தாவீதை "முதற்பேறானவனும்" ஆக்குவேன் என்று கடவுள் சொல்கிறார். தாவீது ஈசாயின் பிள்ளைகளில் கடைசிப் பையன்.

நிசேயாவோடு விஷயம் முடியவில்லையா? அதற்கப்புறமும் ஏன் அத்தனை சண்டை?

முடியவில்லை. அவர் கடவுள் என்று முடிவானதும் அடுத்த கேள்வி எழுந்தது: அப்படியானால் அவர் எப்படி மனிதர்? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு தவறும் இன்றைக்கு நம் கூட்டங்களில் மறுபடி மறுபடி வருகிறது, பெயர் மட்டும் தெரியாமல்.

முதலில் அப்பொலினாரியுஸ் என்ற ஆயர். நல்ல மனிதர், நிசேயா பக்கம் நின்றவர். இயேசுவுக்கு மனித உடம்பு உண்டு, ஆனால் மனித மனம் இருக்க வேண்டிய இடத்தில் தெய்வீக வார்த்தை இருந்தது என்றார். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? நம்மில் பலர் நினைப்பது இதுதான், மனித உடம்புக்குள் கடவுளின் மூளை என்று. அதே காலத்து ஆயர் நாசியான்சுஸ் கிரகோரி இதற்குச் சொன்ன பதிலை நான் வேலூரில் இருந்துகொண்டு மறக்கவே முடியாது: அவர் எதை ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாக்கப்படவில்லை. குணமாவதற்கென்றே இந்தியா முழுவதிலிருந்தும் ரயில் பிடித்துக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். எல்லா நோயும் உடம்பில் இல்லை. பாகாயத்தில் மனநல மருத்துவமனையில் நோயாளியோடு குடும்பமும் கூடவே தங்குகிறது. அங்கே இருக்கிறவர்களுக்கு வலிப்பது மனம். மனித மனத்தைக் கிறிஸ்து எடுக்கவில்லை என்றால் பயம், கலக்கம், துக்கம் எல்லாம் அவர் தொடாத இடமாக மிஞ்சிப்போகும். 381-இல் கான்ஸ்டான்டினோபிளில் ஆயர்கள் கூடின சங்கம் அப்பொலினாரியுஸின் போதனையைத் தள்ளியது.

அப்புறம் நெஸ்தோரியுஸ், கான்ஸ்டான்டினோபிளின் பேராயர். மரியாளைக் "கடவுளைப் பெற்றவள்" என்று ஜனங்கள் சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை, "கிறிஸ்துவைப் பெற்றவள்" என்றால் போதும் என்றார். அலெக்சாந்திரியாவின் பேராயர் சிரில் கொதித்துப்போனார். பிறந்த பிள்ளை யார்? தேவகுமாரன்தானே? ஒரு தாய் ஒரு ஆளைப் பெறுகிறாளே தவிர ஒரு தன்மையைப் பெறுவதில்லை. 431-இல் எபேசு சங்கம் சிரிலின் பக்கம் நின்றது. நெஸ்தோரியுஸ் உண்மையிலேயே இரண்டு ஆட்கள் என்று போதித்தாரா என்று இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் வாதாடுகிறார்கள், அவர் அதை மறுத்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் சபை ஆட்கள் "கடவுளின் தாய்" என்ற வார்த்தையைக் கேட்டதும் கத்தோலிக்கப் பழக்கம் என்று ஒதுக்குவதைப் பார்க்கிறேன். அது முதலில் மரியாளைப் பற்றின வார்த்தையே இல்லை, அவள் வயிற்றில் இருந்தவர் யார் என்பதைப் பற்றினது.

மூன்றாவது, யூத்திகேஸ் என்ற வயதான துறவி. எபேசுவின் போதனையை அளவுக்கு மீறி இழுத்துவிட்டார். சேருவதற்கு முன் இரண்டு தன்மை, சேர்ந்த பிறகு ஒன்றே என்றார். அதாவது நான் முதலில் சொன்ன காபி.

கல்செதோன் சங்கம் இதற்கு என்ன பதில் சொன்னது?

451-இல், கான்ஸ்டான்டினோபிளுக்கு எதிர்க்கரையில், இன்றைய இஸ்தான்புல் நகரத்தின் ஒரு பகுதியில் அந்தச் சங்கம் கூடியது. ரோமாபுரி ஆயர் லியோ அனுப்பின கடிதம் வாசிக்கப்பட்டது. முடிவு: ஒரே கிறிஸ்து, ஒரே ஆள், இரண்டு தன்மைகளில் அறியப்படுகிறார், கலப்பில்லாமல், மாற்றமில்லாமல், பிரிவில்லாமல், விலகலில்லாமல்.

கவனித்தீர்களா, நாலும் "இல்லாமல்" என்றே முடிகிறது. இரண்டும் எப்படிச் சேர்ந்தது என்று அவர்கள் விளக்கவில்லை. முதல் இரண்டும் யூத்திகேஸுக்கு, அடுத்த இரண்டும் நெஸ்தோரியுஸ் பெயரில் வந்த போதனைக்கு. கிணற்றைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டுவதுபோல இந்தப் பக்கம் விழாதே, அந்தப் பக்கம் விழாதே என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு. தெரிந்ததற்கு மேல் பேசாமல் இருப்பது ஆயர்கள் கூட்டத்துக்கு எளிதில்லை.

உதாரணம் கேட்பவர்களுக்குப் பழைய ஆசிரியர்கள் சொன்ன ஒன்று: கொல்லன் உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பு. இரும்பு இரும்பாகவே இருக்கிறது, நெருப்பு நெருப்பாகவே இருக்கிறது, ஆனால் சுடுகிறதும் வெட்டுகிறதும் ஒரே கத்திதான். இதையும் ரொம்ப தூரம் இழுக்க வேண்டாம், எந்த உதாரணமும் ஒரு இடத்தில் நொண்டும்.

எங்கள் ஹாஸ்டலில் இருக்கிற மலையாளிப் பிள்ளைகள், "நாங்கள் கல்செதோனை ஏற்பதில்லை" என்கிறார்கள். அவர்கள் தவறான போதனையில் இருக்கிறார்களா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடாதீர்கள். மலங்கரா ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா சபைகள் எகிப்தின் காப்டிக் சபை போன்றவற்றோடு சேர்ந்த குடும்பம். சிரிலின் சொற்றொடரைப் பிடித்துக்கொண்டு, மாம்சமான வார்த்தையின் ஒன்றுபட்ட ஒரே தன்மை என்கிறார்கள். அந்த ஒன்றில் தெய்வத்தன்மையும் மனிதத்தன்மையும் குறைவில்லாமல் இருக்கிறது என்றும் சொல்கிறார்கள், யூத்திகேஸை அவர்களும் தள்ளுகிறார்கள். 1973-இல் போப் ஆறாம் பவுலும் காப்டிக் தலைவர் மூன்றாம் ஷெனூடாவும் கிறிஸ்துவைப் பற்றி ஒரு பொது அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நெஸ்தோரியுஸைக் கைவிடாத அசீரியக் கீழைத் திருச்சபையோடும் 1994-இல் ரோமாபுரி அப்படியே ஒரு அறிக்கை செய்தது. 1500 வருஷப் பிரிவில் பாதி, "தன்மை" என்ற சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு அர்த்தத்தில் எடுத்ததால் வந்தது என்பது என் எண்ணம். மீதிப் பாதி அரசியல்.

"பிதா ஒருவர் தவிர... குமாரனும் அறியார்" என்று அவரே சொன்னாரே. கடவுளுக்குத் தெரியாதது உண்டா?

மாற்கு 13:32. சமாளித்து நகர்ந்துவிடக்கூடாத வசனம். தெரிந்துகொண்டே தெரியாது என்று சொன்னார் என்று பழைய ஆசிரியர்களில் சிலர்கூட எழுதினார்கள், எனக்கு அது ஒப்பவில்லை, அவர் பொய் சொல்கிறவர் அல்ல. "யார், என்ன" என்பதை இங்கே கொண்டுவாருங்கள். பேசுகிறவர் குமாரன். மனிதராக, மனித மனத்தோடு அறிகிறபோது அவருக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையை அவர் மனதார ஏற்றுக்கொண்டார், அந்த நாளை அறியாத மனிதராகப் பிதாவை நம்பி நடந்தார். பிலிப்பியர் 2:7-இல் "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து" என்று வருகிறதே, அதன் அர்த்தம் தெய்வத்தன்மையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார் என்பது அல்ல. அடுத்த வார்த்தையைப் பாருங்கள், "எடுத்து" என்றிருக்கிறது. அடிமையின் ரூபத்தை எடுத்ததுதான் அவருடைய வெறுமை.

நம் ஊரில் இந்த வசனத்துக்கு ஒரு வாழ்க்கை உண்டு. 1900-இல் ஐடா ஸ்கட்டர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையின் குறிக்கோள் வாசகம், ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்தேன் என்று இயேசு சொன்ன மாற்கு 10:45-இலிருந்து எடுத்தது. தினமும் அந்த வாசலைத் தாண்டிப் போகிறோம்.

"என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்பதற்கும் இதே பதிலா?

ஆமாம், இதே பதில். அடிமையின் ரூபத்தில் நின்று சொன்னது. "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்பதும் அதே வாயிலிருந்து வந்தது, யோவான் 10:30.

பாவமே செய்ய முடியாதவரைச் சாத்தான் சோதித்தான் என்றால் அது என்ன சோதனை?

நேதாஜி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாதி வழியில் மூட்டையைக் கீழே போட்டவருக்கு அதன் பாரம் பாதிதான் தெரியும், கடைசிவரை சுமந்தவருக்குத்தான் முழுக்கத் தெரியும். நாம் ஒவ்வொரு சோதனையிலும் ஏதோ ஒரு இடத்தில் மூட்டையை இறக்கிவிடுகிறோம். அவர் இறக்கவில்லை. நாற்பது நாள் பட்டினிக்குப் பிறகு அப்பத்தைப் பற்றின சோதனை வெறும் வாய்ப்பேச்சாக இருந்திருக்க முடியாது. "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற" பிரதான ஆசாரியர் என்று எபிரெயர் 4:15 சொல்வது இதைத்தான்.

கெத்செமனேயும் இதோடு சேர்ந்தது. "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்றார். சாவைக் கண்டு ஒதுங்க நினைக்கிற மனித சித்தம் அவருக்கு உண்மையாகவே இருந்தது, அதை அவர் பிதாவின் சித்தத்துக்குக் கொடுத்தார். ஏழாம் நூற்றாண்டில் பேரரசு ஒற்றுமைக்காக "கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்" என்று எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைக்கப் பார்த்தது. மாக்சிமுஸ் என்ற முதிய துறவி மறுத்தார். அவர் நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடுகடத்தினார்கள், 662-இல் அங்கேயே இறந்தார். 681-இல் முடிந்த சங்கம் அவர் சொன்னதே சரி என்று அறிக்கையிட்டது. அவர் அத்தனை பாடுபட்டது எதற்கு? இயேசு கெத்செமனேயில் ஒரு மனிதராக மெய்யாகவே "சரி" என்று சொன்னார் என்பதற்காக.

சிலுவையில் செத்தது கடவுளா, மனிதரா?

செத்தவர் யார் என்று கேட்டால், தேவகுமாரன். எந்தத் தன்மையில் செத்தார் என்று கேட்டால், மனிதத்தன்மையில். தெய்வத்தன்மை சாகாது, அதற்கு வலிக்காது. ஆனால் வலித்தது வேறு யாருக்கோ இல்லை. பவுல் "மகிமையின் கர்த்தரை" சிலுவையில் அறைந்தார்கள் என்று எழுதுகிறார், அப்போஸ்தலர் 20:28 தேவன் தம்முடைய "சுயரத்தத்தினாலே" சபையைச் சம்பாதித்ததாகச் சொல்கிறது. கடவுளுக்கு ஏது ரத்தம்? அவர் எடுத்துக்கொண்ட உடம்பின் ரத்தம் அவருடைய ரத்தம்.

1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். விரல்கள் போவதற்குக் காரணம் வலி தெரியாமல் போவதுதான் என்று கண்டு சொன்னார். சுடுகிற பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது, காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. கரிகிரி பக்கம் தொழுநோய் மருத்துவமனையில் வேலை செய்தவர்கள் இதை நேரில் பார்த்திருப்பார்கள். வலி தெரிகிற உடம்புதான் முழு உடம்பு. வலியே தெரியாத குமாரன் வலி தெரிகிற உடம்பை எடுத்தார், ஆணி ஏறினபோது அது அவருக்குத் தெரிந்தது.

எங்கள் பக்கத்து வீட்டு இந்து நண்பர், "இயேசுவும் ஒரு அவதாரம்தானே" என்கிறார். என்ன சொல்வது?

முதலில், அவர் அதை மரியாதையோடு சொல்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் 1846-இல் கட்டின புனித யோவான் ஆலயமும் மசூதியும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. ஒருவர் மொழியை ஒருவர் கடன் வாங்காமல் இங்கே வாழ முடியாது, நாங்களே "மனுஷாவதாரம்" என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம்.

வித்தியாசம் எங்கே என்றால், வைணவத்தில் அவதாரங்கள் பல, தர்மம் தாழும்போதெல்லாம் பெருமாள் வருகிறார், வந்த காரியம் முடிந்ததும் திரும்பிப் போகிறார். கிறிஸ்தவப் போதனையில் இது ஒரே தடவை, எடுத்த மனிதத்தன்மையை அவர் திரும்பக் கழற்றவே இல்லை. இதை நண்பரிடம் சொல்லிவிட்டு, அவர் சொல்வதையும் கேளுங்கள்.

பேரணாம்பட்டில் என்னோடு வேலை செய்யும் முஸ்லிம் நண்பர், கடவுளுக்கு மகன் இருக்க முடியாது என்கிறார்.

மனைவியும் பிள்ளையுமாகக் கடவுள் குடும்பம் நடத்தினார் என்ற அர்த்தத்தில் என்றால் நாமும் அவரோடு சேர்ந்து "இருக்க முடியாது" என்றே சொல்ல வேண்டும். குமாரன் என்பது உடல் சார்ந்த உறவு அல்ல, விளக்கிலிருந்து ஒளி வருவதுபோல ஆரம்பமில்லாமல் பிதாவிடமிருந்து வருகிற உறவு. ஈசா நபி கன்னி மர்யமிடம் பிறந்தவர், மஸீஹ் என்று குர்ஆனும் சொல்கிறது, அது வரைக்கும் சேர்ந்து நடக்கலாம். அதற்கப்புறம் பாதை பிரிகிறது. அதை மழுப்பாதீர்கள். நட்பு அதைத் தாங்கும்.

திருவிருந்தில் அவர் சரீரம் எப்படி இருக்கிறது என்பதும் இதோடு சம்பந்தப்பட்டதா?

நேரடியாக. 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரத்தில் திருச்சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்கிலியும் இதில்தான் மோதினார்கள். பரலோகத்தில் இருக்கிற மனித உடம்பு அப்பத்தில் எப்படி இருக்க முடியும் என்றார் சுவிங்கிலி. பிரிக்க முடியாத ஒரே கிறிஸ்து இருக்கிற இடத்தில் அவர் மனிதத்தன்மையும் இருக்கும் என்று லூத்தர் பக்கத்தார் வாதாடினார்கள். நம் மாவட்டத்துக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 1853-இல் தொடங்கின ஆற்காடு மிஷன், இதில் சுவிங்கிலியின் பக்கத்து மரபான சீர்திருத்த சபையினுடையது, ஆம்பூர் பக்கம் லுத்தரன் சபைகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் பெண் எடுத்தவர்கள், கொடுத்தவர்கள் இதைக் கேட்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். இரண்டு சபையும் கல்செதோனை ஒத்துக்கொள்கின்றன, அதை எப்படிப் பொருத்துவது என்பதில்தான் வேறுபாடு.

பரலோகத்துக்குப் போன பிறகு இயேசு மனிதராக இருப்பதை விட்டுவிட்டாரா?

விடவில்லை. எல்லாக் கேள்விகளிலும் எனக்குப் பிடித்தது இது, யாரும் அதிகம் கேட்பதில்லை என்பது வருத்தம். உயிர்த்தெழுந்த உடம்பில் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது, தோமாவிடம் விரலை நீட்டித் தொடச் சொன்னார். அந்த உடம்போடுதான் ஏறிப்போனார். பல வருஷம் கழித்துப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் "மனுஷனாகிய கிறிஸ்து இயேசு" என்கிறார், இருந்தார் என்று அல்ல.

என் அம்மா கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மூச்சு வாங்கிக்கொண்டே "அவருக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்கள். எல்லாம் அறிந்த கடவுளாச்சே, தெரியாமல் இருக்குமா என்று சொல்லியிருக்கலாம், உண்மைதான். ஆனால் அம்மா கேட்டது அது இல்லை. மூச்சு வாங்குவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். சிலுவையில் தொங்கினவருக்கு மூச்சு விடுவது எத்தனை கஷ்டம் என்று தெரியும், அந்த மனிதர் இன்னும் மனிதராகவே இருக்கிறார் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் தண்ணீர் கேட்டார்கள்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லித் தருவது?

போர்டில் இரண்டு வட்டம் வரையாதீர்கள், "50 சதவீதம்" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். மாற்கு நாலாம் அதிகாரத்தில் படகுக் கதையை வாசியுங்கள். அவர் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார், நாள் முழுக்கப் பேசின களைப்பு. எழுப்புகிறார்கள். "இரையாதே, அமைதலாயிரு" என்கிறார், காற்று நின்றுபோகிறது. பிறகு பிள்ளைகளிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: தூங்கினது யார்? காற்றை அதட்டினது யார்? இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்வார்கள். அதற்கப்புறம் அந்தத் தலையணையைப் பற்றி அவர்களே கேட்பார்கள், யார் கொடுத்தது, நனைந்துபோச்சா என்று. நேரம் கொடுங்கள், கேட்கட்டும்.